வலம் என்று எழுதிய அட்டை

விளையாடுவதற்கா சம்பளம் தருகிறார்கள் என்று உங்கள் வீட்டிலும் கேட்டிருப்பார்கள். என்னைப் பஸ்ஸில் கேட்டார்கள், பூக்கடையில் கேட்டார்கள். என் மருமகள் தன் அம்மாவிடம் போனில், "எங்க அத்தை கம்ப்யூட்டர் கம்பெனில வீடியோ கேம் வெளையாடுறாங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னதும் காதில் விழுந்தது. நான் யாருக்கும் பதில் சொன்னதில்லை. நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்கு வாய் வராது. எழுதும்போது எதிரே யாரும் உட்கார்ந்திருப்பதில்லை, அதனால் கொஞ்சம் வருகிறது.

சோதனை அறையில் புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். எந்தப் பொத்தானை எப்போது அழுத்துவது என்பதை அங்கேயே சொல்லிக்கொடுப்பார்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் ஒரு பயம் வருமே, அதைப் பற்றி யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. எனக்கு அது கடைசி நாள் வரைக்கும் இருந்தது. கண்ணில் புரை விழுந்து வேலையை விட்ட பிறகுதான் நின்றது.

என்னை வேலைக்குச் சேர்த்த அம்மா இப்போது இங்கே இல்லை. பெயர் போட்டால் அவர் விரும்பமாட்டார். ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் கூட்டித் துடைத்துக்கொண்டிருந்த என்னைத் திருக்கோகர்ணத்து மாடி அறைக்கு வரச்சொல்லி, எதிரே உட்காரவைத்து, "எத்தனாவது வரைக்கும் படிச்சீங்க?" என்றார்.

"அஞ்சாவதுங்க."

"கம்ப்யூட்டர் தொட்டிருக்கீங்களா?"

"தொட்டதில்லங்க. தொடச்சிருக்கேன்."

நான் உண்மையைத்தான் சொன்னேன். அவர் மேசையில் தலையை வைத்துச் சிரித்தார். பிறகு சொன்னார்: "உங்கள மாதிரி ஆளுதான் வேணும். நீங்க ஆடித் தோக்கணும். எங்க தோக்குறீங்கன்னு நாங்க பாக்கணும். தோக்கும்போது மனசுல என்ன ஓடுதோ அத வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே இருக்கணும். அதான் வேலை."

தோற்பதில் எனக்குச் சிரமம் இல்லை. வாய்விட்டுச் சொல்வதுதான் கடைசி வரைக்கும் சிரமமாக இருந்தது.

எங்கள் விளையாட்டு உங்களுக்குத் தெரியும். திரையில் ஒரு பொம்மை நிற்கும். அதை விரலால் நகர்த்த முடியாது. கீழே அட்டைகள் இருக்கும். முன்னே போ, திரும்பு, இத்தனை முறை செய், வழி அடைத்திருந்தால் இப்படிச் செய் என்று ஒவ்வொன்றிலும் ஒரு கட்டளை. அட்டைகளை வரிசையாக அடுக்கி 'ஓடு' என்று அழுத்தினால் பொம்மை சொன்னதைச் சொன்னபடியே செய்யும். கிணற்றில் விழச்சொல்லியிருந்தால் விழும். கம்ப்யூட்டருக்கு வேலை சொல்லுகிற பாஷையில் இதுதான் அரிச்சுவடி என்பார்கள். நான் அந்த அரிச்சுவடியோடு நின்றுவிட்டேன்.

என்னோடு சேர்ந்தவள் பாப்பாத்தி. மார்க்கெட்டில் காய் விற்றுக்கொண்டிருந்தவள். எனக்கு வராத வாயெல்லாம் அவளுக்கு வரும். ஆரம்பத்தில் 'மறுபடி' என்று ஓர் அட்டை இருந்தது. 'முன்னே போ' வைத்து, பக்கத்தில் 'மறுபடி 3' என்று வைத்தால் பொம்மை மூன்று அடி வைக்கும். பாப்பாத்தி அடுக்கி ஓடவிட்டாள். பொம்மை பாலத்துக்கு ஓர் அடி முன்னாலேயே நின்றுவிட்டது.

"ஏமாத்துறீங்க" என்றாள், அறையை நடத்திய மேனேஜர் சாரைப் பார்த்து.

"மூணுதான்க்கா போட்டிருக்கீங்க, மூணு அடி வச்சிருச்சு."

"ஒரு தடவ போயிருச்சு. மறுபடி மூணுன்னா அதுக்கு மேல மூணு. சாம்பார ஊத்திட்டு மறுபடி ஊத்துன்னா ஒங்க வீட்டுல எத்தன தடவ ஊத்துவாக?"

மேனேஜர் அதை நோட்டில் எழுதிக்கொண்டார். மறுநாள் அந்த அட்டையில் 'மொத்தம் 3 முறை' என்று மாறியிருந்தது. பாப்பாத்தி அதைக் காட்டிக் காட்டி ஒரு மாசம் திரிந்தாள். தப்பு செய்தோம் என்று நீங்கள் கூச வேண்டியதில்லை. அந்த அறையில் விளைகிற சரக்கே அதுதான்.

ஆனால் காரணம் தெரிந்தே கை ஒரு தப்பைச் செய்துகொண்டிருக்கும், அந்தக் காரணம் வெளியே சொல்ல முடியாததாக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. ஜெயராணி செய்த லெவலில் அது நடந்தது.

ஜெயராணி கீரனூர்ப் பக்கத்துப் பெண். புருஷன் மலேசியாவில். படித்து முடித்துச் சென்னையில் வேலை பார்த்தவள். கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டுத்தான் பார்த்தாள். லீவுக்கு வந்தபோது பிள்ளை அவளைப் பார்த்துக் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "சென்னை அம்மா வந்திருக்கு" என்று சொன்னதாம். அதோடு அந்த வேலையை விட்டுவிட்டு எங்களிடம் வந்து சேர்ந்தாள். லெவல்களை யோசித்து உருவாக்குவது அவள் வேலை. ஆறு மாதம் பார்ப்போம், சரிப்பட்டால் வைத்துக்கொள்வோம் என்று சேர்த்திருந்தார்கள்.

அந்த ஆறு மாதம் முடிகிற வாரம் அது. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கிற நேரமும் அதுதான். நம் விளையாட்டை வாங்கி ஊரெல்லாம் கொண்டுபோகப் போகிற கம்பெனியிலிருந்து இரண்டு பேர் சென்னையிலிருந்து அன்று மத்தியானம் மூணு மணிக்கு வருவதாக இருந்தது. ஜெயராணி தனியாக முழுசாகச் செய்த ஒரு லெவலை அவர்களுக்குக் காட்ட வேண்டும். மேனேஜர் எங்கள் முன்னாலேயே அவளிடம் சொன்னார்: "இது நின்னுச்சுன்னா உங்களுக்காக நான் பேசுவேன். நிக்கலன்னா என்னால பேச முடியாது ஜெயராணி. வெளிப்படையாச் சொல்லிர்றேன்." அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு மேலேயும் ஆட்கள் இருந்தார்கள்.

அவள் சென்னைத் தோழி ஒருத்தி தன் ஆபீஸில் ஓர் இடம் கேட்டு வைத்திருந்தாள். அன்று சாயங்காலத்துக்குள் வருகிறேன் என்றோ இல்லை என்றோ ஜெயராணி பதில் சொல்ல வேண்டும். போனால் பிள்ளை மறுபடி பாட்டி வீட்டில்.

இதெல்லாம் தெரிந்துதான் நான் காலையில் சோதனை அறைக்குள் போனேன்.

லெவலைத் திறந்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு மலைக்கோயில். ஜெயராணி குடுமியான்மலைக்குப் போய், காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் மண்டபத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்து, படம் வரைகிற தம்பியிடம் சொல்லிச் சொல்லி வரையவைத்தது. தூணில் எண்ணெய்க் கறுப்புக்கூட இருந்தது. கோயில் வாசலில் தெருவைப் பார்த்து ஒரு பெண் பொம்மை நிற்கிறாள். பாவாடை, நெற்றியில் பொட்டு, இடுப்பில் குடம். கோயிலுக்குப் பின்னால் ஒரு சுனை. அவள் மதிலை ஒட்டிச் சுற்றிப் போய்ச் சுனையில் குடத்தை நிரப்ப வேண்டும். வலப்பக்கத் தெருவில் பெரிய பாறை ஒன்று உருண்டு கிடக்கிறது. இடப்பக்கத் தெருவில் ஒன்றும் இல்லை.

இடப்பக்கமாகப் போனால் தீர்ந்தது. அவ்வளவுதான். திரும்புகிற அட்டைகள் இரண்டு. ஒன்றில் 'வலம்' என்றும் மற்றதில் 'இடம்' என்றும் எழுதியிருந்தது. அதுவரைக்கும் வந்த லெவல்களில் 'வலம்' மட்டும்தான். 'இடம்' என்ற அட்டையைப் பழக்குவதற்காகவே இந்த லெவல்.

முதலில் பாப்பாத்தி ஆடினாள். 'வலம்' வைத்தாள். பொம்மை பாறையில் முட்டிக்கொண்டு நின்றது. பாறைக்கு முன்னால் ஒரு திருப்பம் வைத்தாள், மதிலில் முட்டியது. அப்புறம் பாறையைக் கொஞ்சம் திட்டினாள். அடுத்து இன்னும் இரண்டு பேர். அவர்களும் வலம், பாறை, வலம், பாறை. பின்னால் நின்ற ஜெயராணி கழுத்துச் சங்கிலியில் கிடந்த சின்னச் சிலுவையைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தாள்.

பிறகு நான் உட்கார்ந்தேன். என் விரல் 'இடம்' அட்டைக்கு மேலே போயிற்று. போய், அங்கேயே நின்று, திரும்பி வந்தது. இன்னொரு தடவை போயிற்று. திரும்பி வந்து 'வலம்' அட்டையை எடுத்தது.

"என்ன யோசிக்கிறீங்க, சொல்லுங்கம்மா" என்றார் மேனேஜர்.

"பாறை இருக்குங்க."

"ம்."

"அதான்... பாறைங்க."

என் பொம்மையும் பாறையில் முட்டிக்கொண்டது.

மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டார். "கஷ்டமா இருக்கு போல. நாலு பேருக்கும் வரல."

"சார், இருக்கிறதுலயே இதுதான் சார் ஈஸி" என்றாள் ஜெயராணி. குரல் மேலே ஏறி உடைந்தது. "புதுசா ஒரே ஒரு அட்ட சார். வேற ஒன்னுமே இல்ல."

"ஈஸின்னு நாம நெனச்சாப் போதுமா? சாப்புட்டு வந்து முடிவு பண்ணுவோம்" என்று எழுந்து போய்விட்டார்.

நான் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து மூடிவைத்தேன். மாடியிலிருந்து கீழே போனேன், மேலே வந்தேன். தண்ணீர் குடித்தேன், குடித்ததை மறந்து மறுபடி குடிக்கப் போனேன். கை ஏன் திரும்பி வந்தது என்று எனக்குத் தெரியும். வாசலிலிருந்து கிளம்பினால் கோயில் எப்போதும் வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும். அப்படித்தான் நடக்கத் தெரிந்த நாளிலிருந்து சுற்றியிருக்கிறேன். கோயில் முன்னால் நிறுத்தி, கையில் 'வலம்' என்று எழுதியும் கொடுத்தால் கை வேறு எங்கே போகும்? இடப்பக்கமாகச் சுற்றுவது சுடுகாட்டில். அதுவும் குடத்தோடு. என் வீட்டுக்காரருக்கு என் மகன் தோளில் கொள்ளிக்குடத்தை வைத்துக்கொண்டு சுற்றியது அந்தப் பக்கமாகத்தான்.

இதை அந்தப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? நீ ஆசை ஆசையாகச் செய்தது எங்கள் கண்ணுக்குச் சாவு மாதிரி இருக்கிறது என்றா? சொன்னால் பேச்சு அங்கே நிற்காது என்று பயந்தேன். பாப்பாத்தி பக்கத்தில் இருக்கிறாள். உன் சாமி, எங்கள் சாமி என்று யாராவது ஆரம்பித்துவிட்டால் அந்த அறையில் அதற்கப்புறம் ஜெயராணி எப்படி உட்காருவாள்?

மாடிக் குழாயடியில் ஜெயராணி போன் பேசிக்கொண்டிருந்தாள். "சாயங்காலத்துக்குள்ள சொல்லிர்றேன்டி. வர்ற மாதிரிதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். தனியாக இருந்தாள். நல்ல சமயம். நான் பக்கத்தில் போனேன்.

"சாப்புட்டியாம்மா?" என்றேன்.

"பசிக்கல சிவகாமிம்மா."

"கொஞ்சமாவது சாப்புடு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கீழ்ப்படிக்கு வந்து என்னையே ஏசிக்கொண்டேன்.

உள்ளே போனபோது மேனேஜர் கம்ப்யூட்டர் முன்னால் நின்றிருந்தார். "பழைய லெவலையே காட்டிருவோம். இது வேணாம். எடுத்துருங்க" என்றார். ஜெயராணி சரி என்று தலையாட்டி நாற்காலியை இழுத்தாள். அவள் கை மவுஸுக்குப் போனதைப் பார்த்தேன்.

"சார்" என்றேன். எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். "சார், எனக்கு இடப்பக்கம் தெரியுதுங்க."

எல்லோரும் திரும்பினார்கள். நாலு பேர் முகம்.

"தெரியுதா? அப்ப ஏன் போகல?"

"கை போகலைங்க. கோயிலுங்க. கோயில்ல அங்கிட்டுச் சுத்தக் கூடாதுங்க."

பாப்பாத்தி தொடையைத் தட்டினாள். "அதானே! நானும் என்னமோ ஒடம்பு கூசுதேன்னு பாத்தேன். அது வேதக்காரப் புள்ள, அதுக்கு எப்புடித் தெரியும்?"

நான் பயந்த பேச்சு அதுதான். ஜெயராணியின் முகம் சுருங்கியது. ஆனால் அவள் எழுந்து போகவில்லை. நாற்காலியை என் பக்கமாகத் திருப்பிக்கொண்டு, "எனக்கும் சுத்துறது தெரியும் சிவகாமிம்மா. எங்க ஊர்லயும் கோயில் இருக்கு. பொம்மைக்குக்கூடவா?" என்று கேட்டாள். சண்டைக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் பாப்பாத்தி முந்திக்கொண்டாள். "பொட்டு வச்சு, பாவாட கட்டி, இடுப்புல கொடத்தையும் குடுத்துட்டுப் பொம்மங்கிறியே! கொடத்தோட இடஞ்சுத்துனா அது என்னன்னு தெரியுமாடி ஒனக்கு? சுடுகாடுடி!"

"ஐயோ" என்று ஜெயராணி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மனுசப் பொறப்புன்னா ஒரு மொற இருக்குல்ல. இஷ்டத்துக்குச் சுத்த அது என்ன ஆடா?"

மேனேஜர் மணியைப் பார்த்தார். பாறையை அந்தப் பக்கம் மாற்றி வழியை இந்தப் பக்கம் வைத்துவிடலாமா என்றார். அப்படிச் செய்தால் 'இடம்' அட்டையை யாரும் தொடவே மாட்டார்கள், லெவல் எதற்கு என்றாள் ஜெயராணி. கோயிலை வீடாக்கிவிடலாமா என்றார். படம் வரைகிற தம்பி லீவில் இருந்தான்.

ஜெயராணி பாப்பாத்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, இப்ப என்ன சொன்னீங்க?"

"என்ன சொன்னேன்? உள்ளதத்தான் சொன்னேன்."

"ஆடு" என்றாள் ஜெயராணி. "சார், வயக்காட்டு லெவல்ல ஒரு ஆடு நிக்குதுல்ல. படம் ரெடியா இருக்கு. பொம்மைய எடுத்துட்டு ஆட்ட வச்சிர்றேன். கொடம் வேணாம். ஆடு போய்த் தண்ணி குடிக்கட்டும்."

பாப்பாத்தி உதட்டைப் பிதுக்கி யோசித்தாள். "ஆட்டுக்கு ஏது வலமும் இடமும்? போகட்டும்" என்று உத்தரவு கொடுத்தாள்.

ஜெயராணி தட்டத் தொடங்கினாள். அவள் விரல் போன வேகத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. ஆடு வாசலில் வந்து நின்றது. வாயில் ஒரு பிடி புல் அசைந்துகொண்டிருந்தது. சென்னைக்காரர்கள் வருகிற நேரம் நெருங்கிவிட்டது.

அப்போதுதான் மேனேஜர் தலையில் கை வைத்தார். "யார் ஆடுறது? உங்க எல்லாருக்கும் விடை தெரிஞ்சு போச்சு."

விடை தெரிந்தவர் ஆடினால் அது சோதனை இல்லை. பாப்பாத்தி ஜன்னலுக்குப் போனாள். கீழே ஆட்டோ ஸ்டாண்டு. "ஏ முருகேசா! மேல வா!"

"ஆள் எங்கக்கா? எத்தன பேரு?"

"ஆளெல்லாம் இல்ல. நீதான் ஆளு. வாடா."

முருகேசன் காக்கிச் சட்டையோடு செருப்பைப் படியில் விட்டுவிட்டு வந்து நின்றான். எழுத்துக் கூட்டிப் படிப்பான், போனில் பாட்டுக் கேட்பான், அவ்வளவுதான். அவன் வந்து நிற்கவும் சென்னைக்காரர்கள் படியேறி வரவும் சரியாக இருந்தது. ஓர் அம்மாவும் ஓர் இளைஞரும். இருவரும் சுவரோரம் உட்கார்ந்தார்கள்.

ஆடுகிறவர் பக்கத்தில் ஒருவர் உட்கார வேண்டும். மேனேஜர் என்னிடம், "நீங்க உக்காருங்கம்மா. பாப்பாத்தி அக்கா உக்காந்தா வாய் சும்மா இருக்காது" என்றார். ஆடும்போது எல்லாவற்றையும் சொல்ல வேண்டும், பக்கத்தில் உட்காரும்போது எதையும் சொல்லக்கூடாது. வாய் மட்டும் இல்லை, முகமும் சொல்லக்கூடாது. ஒரே நாளில் இரண்டையும் கேட்கிறார்களே என்று இருந்தது. இரண்டாவது எனக்குச் சுலபம் என்று நினைத்து உட்கார்ந்தேன்.

முருகேசன் அட்டைகளைப் பார்த்தான். "ஆத்தா, இது என்ன பண்ணணும்?"

"அதுல எழுதியிருக்கு, படிச்சுப் பாருங்க" என்றேன். அவ்வளவுதான் சொல்லலாம்.

அவன் 'வலம்' வைத்தான். ஆடு போய்ப் பாறையில் முட்டி, மே என்றது. சிரித்தான். இன்னொரு தடவை 'வலம்' வைத்தான். மே. எனக்குப் பின்னால் ஜெயராணி மூச்சை இழுத்துப் பிடித்தது கேட்டது. நான் சுவரில் தொங்கிய கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன். கால்விரல்கள் தாமாக மடங்கிக்கொண்டன.

"ஏன் ஆத்தா, இது சரியில்லையா?" என்று என் முகத்தைப் பார்த்தான். நான் கடிகாரத்தையே பார்த்தேன். "ஆத்தா ஒன்னும் சொல்ல மாட்டேங்குறாக" என்று சென்னைக்காரர்களிடம் புகார் சொன்னான். அந்த அம்மா சிரிக்கவில்லை. ஏதோ குறித்துக்கொண்டார்.

பிறகு அவன் தனக்குத்தானே பேச ஆரம்பித்தான். "ஆடு எதுக்குச் சாமி சுத்தப் போவுது? பூமாலையத் திங்கத்தான் போகும். பீச்சாங்கைப் பக்கம் போனா என்ன?" 'இடம்' அட்டையை எடுத்து வைத்தான். ஆடு இடப்பக்கம் திரும்பித் தெருவோடு ஓடி, மதில் திருப்பத்தில் முட்டி நின்றது. இன்னும், முந்தின லெவல்களில் எங்களுக்குப் பழகிப்போன 'வழி அடைத்திருந்தால்' என்ற அட்டையைச் சேர்க்க வேண்டும். அது அவனுக்குத் தெரியாது. அட்டை அவன் கண்ணுக்கு நேராகத்தான் இருந்தது. அவன் கண் அதன்மேல் போகாதா என்று தவித்தேன்.

கீழே ஆட்டோவின் ஹாரன் அடித்தது. யாரோ அவன் வண்டியில் ஏறி உட்கார்ந்து அடிக்கிறார்கள்.

"சவாரி வந்துருச்சு ஆத்தா" என்று எழுந்துவிட்டான்.

அவன் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைக்க என் கை துடித்தது. கொஞ்சம் இருங்க என்ற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. வாழ்நாளெல்லாம் வராத வாய் அப்போது வந்தது. இரண்டு கையையும் முந்தானையில் சுற்றி மடியில் அழுத்திக்கொண்டேன். நான் பிடித்து உட்காரவைத்தால் அவனை விளையாட்டு உட்காரவைக்கவில்லை, நான்தான் உட்காரவைத்தேன் என்று ஆகும். இந்த வேலையில் சேர்ந்திருக்கிற உங்களுக்கு அப்படி ஒரு நிமிஷம் கட்டாயம் வரும். உங்களுக்கு வேண்டிய ஒருத்தருடைய பிழைப்பு எதிரே நின்றுகொண்டிருக்கும், நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கும். உட்கார்ந்திருங்கள். எனக்கு அதைவிட நல்ல யோசனை தெரியாது.

முருகேசன் வாசல் வரைக்கும் போனான். நின்றான். திரும்பித் திரையைப் பார்த்தான். ஆடு மதிலில் முட்டிக்கொண்டு புல்லை மென்றுகொண்டிருந்தது.

ஹாரன் மறுபடி அடித்தது.

அவன் ஜன்னலுக்குப் போய், "இருங்கண்ணே, வாரேன்! ஒரு ஆடு மாட்டிக்கிச்சு!" என்று கத்திவிட்டு வந்து, நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே குனிந்தான். "அடச்சிருந்தா... அடச்சிருந்தா இங்கிட்டுத் திரும்பு. அடச்சுத்தானே கெடக்கு" என்று முணுமுணுத்துக்கொண்டு அந்த அட்டையை இழுத்து வைத்தான். இன்னொரு 'இடம்' அட்டையைக் கொண்டுவந்து பக்கத்தில் சேர்த்தான். 'ஓடு' என்பதை அழுத்தினான்.

ஆடு கிளம்பியது. திருப்பத்தில் முட்டாமல் தானாகத் திரும்பியது. அடுத்த திருப்பத்திலும் திரும்பியது. கோயிலைப் பீச்சாங்கைப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு பின்னால் போய்ச் சுனையில் தலையை விட்டது.

"குடிச்சிருச்சு ஆத்தா!" என்று என் தோளில் ஓர் அடி அடித்தான். நான் அப்போதுதான் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்தேன். பாப்பாத்தி கைதட்டிச் சிரித்தாள். முருகேசன் திரையை விட்டுப் போகவில்லை. "அடுத்தது தொறந்திருக்கே. இதையும் ஒரு கை பாத்துட்டுப் போகவா?" என்றான். கீழே வண்டியில் இருந்தவர் இறங்கி வேறு ஆட்டோவுக்குப் போவது ஜன்னலில் தெரிந்தது.

சென்னையிலிருந்து வந்த அம்மா மேனேஜரிடம் இங்கிலீஷில் நிறையப் பேசினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஜெயராணிக்குப் புரிந்திருக்கும். ஆனால் அவள் கேட்கிற நிலையில் இல்லை, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் அவர்கள் முகத்தை மாற்றி மாற்றிப் பார்த்தேன். தலையாட்டினார்கள். ஏன் ஆட்டினார்கள் என்று தெரியவில்லை. ஒரு தடவை "ஆடு" என்று தமிழில் சொல்லிச் சிரித்தார்கள். மறுபடி இங்கிலீஷ்.

கடைசியில் மேனேஜர் திரும்பினார். "ஜெயராணி, இதுக்கு அடுத்த லெவல எப்பக் குடுப்பீங்க?"

அவள் மேசை விளிம்பிலிருந்து கையை எடுத்தாள்.

"வியாழக்கிழம சார்" என்றாள்.

"அட்டையில அந்த வலம் இடத்தையும் மாத்திருங்க. வலப்பக்கம், இடப்பக்கம்னு முழுசாப் போடுங்க."

"சரி சார்."

நான் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். மாடிப்படியில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் ஜெயராணி குழாயடிக்கு வந்தாள். என்னைக் கவனிக்கவில்லை. முதலில் தோழியிடம் பேசினாள், "நான் வரலடி, அந்த எடத்த வேற யாருக்காச்சும் சொல்லு" என்று. அடுத்து வீட்டுக்குப் போட்டாள்.

"அம்மா, காலையில போயி நம்ம ஊரு ஸ்கூல்ல பாப்பாவுக்கு ஃபாரம் வாங்கியாந்துரு. ஆமா, நம்ம ஊருலதான். இல்ல, நான் எங்கயும் போகல. ஏன் அழுகுற? நாந்தான் நைட்டு வீட்டுக்கு வாரேன்ல, அப்பச் சொல்றேன். வைம்மா, பஸ்ஸு போயிரும்."